ஒரு சாண் உயரப் பீடம்

முன்னொரு காலத்தில், கப்பல்கள் வந்து போகும் கடற்கரை நாடொன்றை நெடுங்கோவன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. அவனுக்குச் சமைத்துப் போட்டவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

அவன் தலைநகர் போதிக்கரை. அங்கே மிகப் பழைய அரசமரம் ஒன்று. அதனடியில் ஒரு சாண் உயரத்தில் ஒரு கல் பீடம். புத்தபெருமான் அவ்வழியே போனபோது ஒரு பகல் முழுவதும் அதில் அமர்ந்து அறம் சொன்னார் என்று ஊரார் நம்பினார்கள். ஈழம், சாவகம், சீனம் என்று எங்கெங்கிருந்தோ யாத்திரிகர்கள் வருவார்கள். பீடத்தை வணங்கி, உதிர்ந்த இலை ஒன்றை வாங்கிப் போவார்கள். இலையைப் பறிக்கும் வழக்கம் கிடையாது. நந்தை என்ற பிக்குணி நாற்பது ஆண்டுகளாக மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, இலை பொறுக்கிக் கொடுத்துவந்தாள்.

அரசனுக்கு இதில்தான் எரிச்சல். கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாம் நேரே மரத்தடிக்குப் போகிறார்கள். அரண்மனையை ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சபையில் வயவரையன் என்றொரு பிரபு இருந்தான். அமைச்சர் சாத்தனாரைக் கண்டால் அவனுக்கு ஆகாது. அரசனைப் புகழ்வது ஒன்றே அவன் கைவந்த கலை. அவன் சொன்னான்: "மலையை வென்ற தோளுடைய மன்னா! பீடம் இருக்கும் இடத்தில்தானே கூட்டம்? பெயர்த்து வந்து நம் அரியணை மண்டபத்தில் வைத்துவிடுவோம்."

அரசனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அரசே, மரத்தின் வேர்கள் பீடத்தைச் சுற்றி வளைத்திருக்கின்றன" என்றார் அமைச்சர். "வேரை வெட்டாமல் கல் வராது. வேர் போனால் மரம் பட்டுப்போகும்."

"அமைச்சருக்கு மன்னரின் பெருமை பொறுக்கவில்லை போலும்!" என்றான் வயவரையன்.

செய்தி கேட்டு நந்தையே சபைக்கு வந்தாள். "அரசே, அந்த மரத்தைத் தவிர எனக்கு ஒரு வேண்டுதலும் இருந்ததில்லை. அதில் கோடரி விழுவதை நான் பார்க்க வேண்டுமா?" என்றாள்.

அரசன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எட்டாம் நாள் வேரை வெட்டுங்கள்" என்றான்.

சாத்தனார் சற்று யோசித்தார். "உத்தரவு, அரசே. ஒரு சந்தேகம். மரத்தடியில் பீடத்துக்கு நடக்கும் மரியாதை இங்கேயும் நடக்குமா?"

"ஒரு குறையும் வராது. இது என் வாக்கு!" என்றான் அரசன், வெளிநாட்டு வணிகர்கள் நிறைந்த சபையில்.

"அப்படியானால் இந்த ஏழு நாளும் கல் பீடத்துக்குப் பதிலாக இங்கே ஒரு மரப்பீடத்தை வைத்துப் பழகிக்கொள்வோம். பிறகு யாத்திரிகர்கள் முன்னால் முறை தவறினால் நமக்குத்தான் அவமானம். முறைகளை அம்மையார் சொல்லட்டும்."

நந்தை சொன்னாள்: "பீடம் இருக்கும் இடத்தில் யாரும் செருப்பு அணிவதில்லை. பீடத்தைவிட உயரத்தில் உட்காருவதில்லை. உச்சிப்பொழுதுக்குப் பின் உண்பதில்லை, அடுப்பும் எரிவதில்லை. பீடத்தின் முன் எந்த மனிதரையும் புகழ்வதில்லை."

இவ்வளவுதானா என்று அரசன் சிரித்தான்.

முதல் நாளே அரியணை மூலைக்குப் போனது. அரசன் தரையில் பாய் விரித்து அமர்ந்தான். கால் மரத்துப்போனது. மாலையில் வழக்கமான நெய்ப்பணியாரம் வரவில்லை. இரண்டாம் நாள் பசியில் யார்மீதோ எரிந்து விழுந்தான். யார்மீது என்று அவனுக்கே நினைவில்லை.

மூன்றாம் நாள் அவனுக்கு ஒன்று உறைத்தது. "அமைச்சரே, வயவரையன் மூன்று நாளாக வாயே திறக்கவில்லையே. உடம்புக்கு ஏதாவது?"

"நலமாகத்தான் இருக்கிறார், அரசே. புகழக்கூடாது என்றதும் அவரிடம் வேறு பேச்சு இல்லை."

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக இவனிடம் என்ன கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

அன்று மாலை காவலர்கள் வயவரையனைக் கையும் களவுமாகப் பிடித்து வந்தார்கள். தேர்க்கொட்டிலில் ஒளிந்து, வீட்டிலிருந்து வரவழைத்த பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தானாம். மீசையெல்லாம் நெய்.

"என் வாக்கைக் காப்பாற்ற நான் பட்டினி. யோசனை சொன்ன உனக்குப் பணியாரமா?" என்றான் அரசன். வயவரையன் பழக்கதோஷத்தில், "மலையை வென்ற..." என்று தொடங்கிவிட்டு, மரப்பீடத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

அரசன் எழுந்தான். செருப்பில்லாத காலோடு தெருவில் இறங்கி, நேரே மரத்தடிக்கு நடந்தான். அமைச்சரும், வயவரையனைப் பிடித்தபடி காவலர்களும் பின்னாலேயே போனார்கள். நந்தை இலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பீடத்தின் அருகே மண்ணில் உட்கார்ந்தான். மூன்று நாளில் தரையில் உட்காரப் பழகியிருந்தது. அப்போதுதான் வேர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. தாய் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல் கல்லைப் பிடித்திருந்தன. எங்கே வெட்டினாலும் மரம் சாகும். அவன் மெல்ல ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தான்.

"அம்மா, பீடம் இங்கேயே இருக்கட்டும். இந்த மரத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள்" என்றான். நந்தையின் கண்கள் நிறைந்தன. ஓர் இலையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அரசன் வயவரையனிடம் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தான். "ஓராண்டு இங்கே பெருக்கு. யாத்திரிகர்களுக்கு இலை எடுத்துக் கொடு. என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே." அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

போட்டுவிட்டுக் கேட்டான்: "வேர் இப்படிப் பிடித்திருக்கிறது என்று ஏன் எனக்கு முன்பே சொல்லவில்லை?"

"முதல் நாளே சொன்னேன், அரசே" என்றார் சாத்தனார். "அன்று தாங்கள் கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்."