மணலுக்கு இடம் கொடுத்த இரும்பு

அந்தக் காலத்தில் இரும்பு பேசும், ஆற்று மணல் பேசும், மின்னலோ வாய் ஓயாமல் பேசும். மேகத்துக்குள் சும்மா சுற்றிச் சலித்த மின்னல், ஒருநாள் கொல்லுப்பட்டறைக் குருவம்மாவிடம் வந்து நின்றது.

"எனக்கு ஒரு வேலை குடு ஆத்தா."

குருவம்மாவின் வெற்றிலைக் கொடிக்கால் தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது. அவள் கிணற்றின் மேல் ஒரு சக்கரம் அமைத்து, நடுவில் இரும்பை உட்காரவைத்தாள். மின்னல் அதைச் சுற்றி ஓடி, "இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு" என்று கூப்பிட்டது. இரும்பு சொக்கிப்போய்த் திரும்பத் திரும்ப, சக்கரம் சுழன்று தண்ணீர் ஏறியது.

ஆனால் துள்ளல் அடங்காத மின்னல் இரும்பின் உடம்புக்குள்ளும் புகுந்து சுழியிட்டது. பாவம், இரும்புக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. உச்சிப்பொழுதுக்குள் சக்கரம் நின்றுபோனது.

"நாளைக்குள்ள தண்ணி பாயலேன்னா கொடி பொழைக்காது" என்று குருவம்மா கண் கலங்கினாள்.

ஆற்று மணல் இரும்பிடம் மெல்லச் சொன்னது: "அண்ணே, என்னை உள்ள சேத்துக்கோ. மின்னல் ஓடுற வழியை நான் மறிச்சுக்கிறேன். ஆனா, நீ முன்ன மாதிரி வளைய முடியாது. ஓங்கி அடிச்சா ஒடஞ்சிருவ."

வளைந்தாலும் ஒடியாதவன் என்பதுதான் இரும்புக்கு இருந்த ஒரே பெருமை. அது மெல்லத் திரும்பி, வாடிய கொடிகளைப் பார்த்தது.

"சரி, வா" என்றது.

நூறு பிடி இரும்புக்கு மூன்று பிடி மணல் என்று அளந்து உலையில் போட்டாள் குருவம்மா. கை சும்மா இருக்குமா? எதை அளந்தாலும் கொசுறு போடுகிற ஊர் அது. இரண்டு கையாலும் இன்னும் அள்ளிப் போட்டாள். சம்மட்டி பட்டதும் இரும்பு பழைய ஓடுபோல நொறுங்கியது.

"ஆசையிலதானே போட்டேன்!" என்று அழுதாள்.

"கொசுறு கறிவேப்பிலையோட இருக்கட்டும் ஆத்தா" என்று முனகியது இரும்பு. "என்னைத் திரும்ப உருக்கு."

புது இரும்பு சேர்த்து, அளவைச் சரிசெய்து உருக்கினாள். சுடச்சுட, நோகாமல், வெற்றிலைக் கனத்துக்குத் தகடுகளாகத் தட்டினாள். மின்னல் தாவாதபடி ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு தடவிக் வெற்றிலைக் கவுளிக் கட்டுபோல அடுக்கி, சக்கரத்தின் நடுவில் வைத்தாள்.

சக்கரம் சுழன்றது. விடிவதற்குள் கொடிகள் தலை தூக்கின.

"வலிக்குதா சாமி?"

"இல்ல ஆத்தா. குளுகுளுன்னு இருக்கு."

அன்று முதல்தான், கிணற்று மோட்டாருக்குள் இருக்கும் இரும்பு மணலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்து, மெல்லிய தகடுகளாய் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. வளைத்தால் ஒடிந்துபோகும், ஆனால் தண்ணீர் வரும்வரை சுற்றுவதை நிறுத்தாது.