மிதிபட்ட புல்

குன்றின் மேல் குகைப்பள்ளி. கீழே ஏரி. மழைக்காலம் முழுவதும் சமணத் துறவியர் ஊர் ஊராகப் போவதில்லை. ஈர மண்ணில் எங்கே கால் வைத்தாலும் ஏதோ ஓர் உயிர் முளைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒரே இடத்தில் தங்கிவிடுவார்கள். அந்த ஆண்டு அங்கே தங்கியிருந்தவர்கள் இருவர். ஒருவர் ஆசிரியரான குரத்தியார். மற்றவள் அவருடைய மாணாக்கி குணமதி.

குணமதிக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. உப்பு வணிகர் வீட்டில் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவள். குரத்தியாருக்கு அவளுடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். ஆனால் துறவில் வயதைத் தீட்சை பெற்ற நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் குணமதி கைக்குழந்தை.

நோன்பில் மட்டும் அவளை யாரும் மிஞ்ச முடியாது. மயிற்பீலியால் பெருக்காமல் ஒரு கல்லில் உட்கார மாட்டாள். பச்சையாக எது தெரிந்தாலும் சுற்றிக்கொண்டு போவாள். வீடு வாசலை விட்டு வந்தவள் இதையாவது பிசகாமல் செய்ய வேண்டும் என்று வைராக்கியம்.

அன்று காலை மழை வெறித்திருந்தது. பிச்சைக்காகக் கரைமேல் போய்க்கொண்டிருந்தாள். ஏரியோரமாகச் சேந்தி எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். சேந்தியின் சின்ன மகள் கொற்றி ஒரு நாரைக்குஞ்சைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

அங்கே வளர்வதை ஊரார் எருமைப்புல் என்பார்கள். ஓரச் சேற்றில் வேர் பிடித்து, தண்டு தண்டாக நீர்மேல் படர்ந்து, ஒன்றோடொன்று பின்னிப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். பார்வைக்குத் தரைதான். ஏறி நின்றால்தான் அடியில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் இருப்பது தெரியும்.

நாரைக்குஞ்சைத் தாங்கிய புல் கொற்றியைத் தாங்கவில்லை.

சேந்தி அலறிய அலறலில் எருமை மிரண்டு ஓடியது. அவள் இருந்த இடத்துக்கும் பிள்ளை விழுந்த இடத்துக்கும் நடுவில் மதகு வாய்க்கால் சுழித்துக்கொண்டு ஓடியது. பக்கத்தில் இருந்தவள் குணமதிதான்.

அவள் எதையும் நினைக்கவில்லை. பீலியையும் நீர்க்குண்டிகையையும் எங்கே போட்டாள் என்றுகூடத் தெரியாது. புல்மேல் குப்புற விழுந்து, கைகால்களை அகல விரித்துக்கொண்டு, வயிற்றால் தேய்த்துத் தேய்த்துப் போனாள். புல்மெத்தை அமுங்கியது. மார்புக்கு மேல் தண்ணீர் ஏறியது. ஆனாலும் பிய்ந்து போகவில்லை. பிள்ளை இரண்டு கையாலும் ஒரு கொத்துப் புல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. குணமதி அதன் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டு, வந்தபடியே பின்னுக்குத் தவழ்ந்து கரை சேர்ந்தாள்.

சேந்தி சுற்றிக்கொண்டு ஓடிவந்து பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். கொற்றி தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டதும் தாய் பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

குணமதி எழுந்து நின்றாள். அவள் கைகளிலெல்லாம் ரத்தக் கீறல். அந்தப் புல்லின் விளிம்பு அரம் போன்றது. கண்ணுக்குத் தெரியாத பற்கள் வைத்திருக்கும். கீறலை அவள் பார்க்கவில்லை. திரும்பித் தான் போய்வந்த வழியைப் பார்த்தாள். ஒரு வண்டி போன தடம் போல அகலமாக, புல் நசுங்கி, கரைப்பக்கம் சேற்றுக்குள் முகம் குப்புறக் கிடந்தது. ஒடிந்த தண்டுகளின் உள்துளை வெள்ளையாகத் தெரிந்தது.

கரையில் கிடந்த பீலியையும் குண்டிகையையும் எடுத்துக்கொண்டு, பிச்சை எடுக்காமலே குன்று ஏறினாள்.

"அடிகளே, எனக்குத் தண்டம் தர வேண்டும்."

"எதற்கு?"

"புல்லை மிதித்தேன். மிதித்தது மட்டுமா, படுத்து உருண்டேன்."

குரத்தியார் நடந்ததை முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்:

"எத்தனை புல்?"

"எண்ணவில்லை."

"எண்ணாமல் நான் எந்த அளவுக்குத் தண்டம் தருவது? போய் எண்ணிவிட்டு வா."

"எண்ணி முடிக்கும்வரை உணவைத் தொடமாட்டேன்."

"அது உன் சொல். என் சொல் எண்ணுவது மட்டும்தான்."

மறுநாள் குணமதி இறங்கிப் போனாள். கரையோரக் கல்லைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்தாள். நசுங்கிய தடம் பழுப்பு நிறமாக மாறியிருந்தது. சில இலைகள் அழுகத் தொடங்கி நாறின. எழுந்து வந்துவிட்டாள்.

"செத்துவிட்டன, அடிகளே."

"எண்ணினாயா?"

"பார்க்க முடியவில்லை."

"பார்க்காமல் எண்ண முடியாது."



அன்று உச்சிப்பொழுதில் சேந்தி மகளைக் கூட்டிக்கொண்டு குன்று ஏறி வந்தாள். பிள்ளையின் உள்ளங்கைகளில் மஞ்சள் பற்று. அவிழ்ந்த துணி நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டு வாசல்ல நேத்தும் காத்திருந்தேன், இன்னிக்கும் காத்திருந்தேன். சோத்தோட நின்னேன், கை ஏந்த நீங்க வரல. உடம்புக்கு ஏதும் முடியலையோன்னு பாக்க வந்தேன்."

குணமதி பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரத்தியார்தான் சொன்னார்.

"அவள் நோன்பில் இருக்கிறாள்."

"என்ன நோன்பு சாமி?"

"புல்லை மிதித்ததற்கு."

சேந்திக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறிவிட்டது. மகளை இழுத்துத் தன் காலோடு சேர்த்துக்கொண்டாள்.

"அப்ப எம்புள்ளைய விட்டிருக்கணுமா?"

குணமதி நிமிர்ந்தாள். கொற்றியின் கையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. இவளைத் தூக்கினதுக்கா நீங்க பட்டினி கெடக்குறீங்க? நான் ராவெல்லாம் இவ மூச்சு விடுறாளான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். உங்களைக் கும்புட்டுக்கிட்டே கெடந்தேன். நீங்க இங்க உக்காந்து அதுக்காக அழுதுக்கிட்டு இருந்திருக்கீங்க."

கொற்றியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள்.

குணமதி குரத்தியாரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். குரத்தியார் குகை வாசலைப் பெருக்கத் தொடங்கினார்.

அதன்பின் நாள் கணக்கில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே இறங்க வழியில்லை. குணமதி தண்ணீர் மட்டும் பருகினாள். கண்ணை மூடினால் நசுங்கிய தண்டுகள். திறந்தால் இடுப்பில் பிள்ளையோடு இறங்கிப் போகும் முதுகு. எது பெரிது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தான் செய்த ஒரே காரியம் ஒரு பக்கம் நல்லதாகவும் மறுபக்கம் கெட்டதாகவும் இருக்குமானால், எந்தப் பக்கத்தைக் கையில் எடுப்பது?

மழை விட்ட காலை, பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். நடை தள்ளாடியது. அதே கல்லில் உட்கார்ந்தாள். இந்த முறை எழுந்து ஓடவில்லை.

முதலில் ஒரு தண்டைத் தேர்ந்துகொண்டாள். பீலியின் காம்பால் நோகாமல் தூக்கிப் பார்த்தாள். கீழ் இலைகள் அழுகிப் போயிருந்தன. ஆனால் தண்டு அழுகவில்லை. கணுவுக்குக் கணு வெள்ளை மயிர் வட்டமாக, காப்பு போட்டதுபோல் இருந்தது. சேற்றில் அழுந்திய ஒவ்வொரு கணுவுக்கும் கீழே நூல் நூலாக வேர் இறங்கியிருந்தது. புது வேர். பால்வெள்ளை. இதற்குமுன் அங்கே வேர் இருந்திருக்க வழியில்லை. அது நீர்மேல் மிதந்த தண்டு. அவளுடைய மார்புதான் அதைச் சேற்றில் அழுத்தியது.

வேருக்கு மேலே, கணு முழங்கால் மடக்கினாற்போல வளைந்திருந்தது. வளைவிலிருந்து தண்டு நேராக வானத்தைப் பார்த்து எழுந்திருந்தது. கீழே கிடந்த பகுதி கிடந்தபடியே கிடந்தது. நிமிர்ந்தது அடுத்த கணுவிலிருந்து.



எண்ணத் தொடங்கினாள். ஒன்று என்று வைத்துக்கொண்டு அந்தத் தண்டின் முடிவைத் தேடினாள். அது இன்னொன்றின் அடியில் நுழைந்தது. நடுவில் கிளைத்தது. கிளை வேர் விட்டுத் தனியாக நின்றது. அது தனிப்புல்லா, இதன் மகளா? இரண்டையும் இணைத்த தண்டு ஓரிடத்தில் அழுகி அறுந்திருந்தது. அறுந்ததால் ஒன்று இரண்டாகிவிட்டதா? மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். வெயில் ஏறியது. ஒன்றை மெல்லத் தூக்கினால் அந்தக் கரை முழுவதும் அசைந்தது.

குணமதி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கூடவே கண்ணீரும் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

குன்றின்மேல் குரத்தியார் குண்டிகையை வைத்துக்கொண்டு அவளுக்காக நின்றிருந்தார். அவள் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியதும் கேட்டார்.

"எத்தனை?"

"எண்ண முடியவில்லை, அடிகளே. எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. ஒன்றைத் தொட்டால் எல்லாம் வருகிறது."

"செத்தவை?"

"இலைகள் நிறையச் செத்தன. சில தண்டுகள் அடியோடு அழுகிவிட்டன. மற்றவை அழுந்திய கணுவிலெல்லாம் வேர் விட்டிருக்கின்றன. மிதிபடாத பக்கத்தைவிட அந்தத் தடத்தில் குருத்து அதிகம்."

"அப்படியானால் மிதித்தது நல்லதாகப் போயிற்று."

குணமதி ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்தச் சொல்லுக்காகத்தான் அவ்வளவு வேகமாக ஏறி வந்திருந்தாள். ஆனால் வரவில்லை.

"இல்லை, அடிகளே. அது எழுந்தது அதனுடைய தன்மை. நான் மிதித்தது மிதித்ததுதான்."

"சரி. அந்தப் பிள்ளை நாளைக்கு மறுபடி விழுந்தால்?"

"போய்ப் படுப்பேன்."

"தண்டம் உண்டு என்று தெரிந்துமா?"

"தெரிந்துதான்."

சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். இத்தனை நாளாக மார்பில் கல்லாக உட்கார்ந்திருந்தது எங்கே என்று தேடுபவள்போல நெஞ்சைத் தடவினாள். இருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கும் அளவுக்குத்தான் இருந்தது.

"எனக்குத் தண்டம் என்ன, அடிகளே?"

"உன்னால் ஒருத்தி அழுதுகொண்டு இறங்கிப் போனாள். அவள் வீட்டு வாசலில் போய்க் கை ஏந்து. கொடுப்பதை வாங்கி உண்."

"அவள் என்மேல் கோபமாக இருப்பாளே."

"இருப்பாள். அதையும் வாங்கிக்கொள்."

இருவரும் இறங்கினார்கள். ஊரின் முதல் வீட்டு வாசலில் சேந்தி நிற்பது மேலிருந்தே தெரிந்தது. கையில் மூடிய கலம். இவர்களைக் கண்டதும் அவள் உள்ளே போய்விடுவாளோ என்று குணமதிக்குப் பதைத்தது. சேந்தி போகவில்லை. மகளைக் கூப்பிட்டாள். கொற்றி வெளியே ஓடிவந்து, மஞ்சள் பூசிய கையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டியது.

குணமதி வேகமாக நடந்தாள். குன்றடியில் வந்ததும் சட்டென்று நின்றாள். ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதையே மழைக்குத் தெரியாமல் மூடியிருந்தது. பீலியால் ஒதுக்கிப் பார்த்தாள். ஒதுக்கிய இடத்திலும் முளை.

"அடிகளே, வழி முழுக்கப் புல்லாக இருக்கிறது."

குரத்தியார் அவளைத் தாண்டி முன்னால் போய்விட்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"அவள் காத்திருக்கிறாள். பார்த்து நட."