அறுந்த சாரம் யாருடையது?

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை மகுடேசன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனம், மாலையில் ஒரு மனம். மண்டபம் கட்டச் சொல்வான். சுவர் எழும்பியதும் வாசலை வடக்கே மாற்றச் சொல்வான். மாற்றி முடித்தால், "தெற்கிலேயே இருந்திருக்கலாமோ?" என்று தாடியைத் தடவுவான். கடைசியில், "என் பிறந்தநாளுக்கு மண்டபம் திறந்தாக வேண்டும்" என்றான். பிறந்தநாளுக்குப் பத்தே நாள்தான் இருந்தது.

கட்டட வேலைக்கெல்லாம் தலைவர் வீரகேசரியார். ராஜா தும்மினால் அதிலும் ராகம் கேட்கிறது என்று சொல்லும் ஆசாமி. "ஆகட்டும் மகாராஜா!" என்று மீசையை முறுக்கினார். புதுக் கயிறு திரிக்க நேரமில்லை என்று பழைய கயிற்றிலேயே சாரம் கட்ட வைத்தார். வேலையாட்கள் ஏறி நிற்க மூங்கில்களைப் பிணைத்துக் கட்டுவார்களே, அதுதான் சாரம். ஆறாம் நாள் மதியம் அது அறுந்தது. சுண்ணாம்புக் கூடையோடு மேலே நின்ற சித்தாள் அரியநாச்சி விழுந்தாள். வலது தொடையெலும்பு முறிந்தது.

மறுநாளே வீரகேசரியாரின் ஆள் ஒரு சேலையும் ஒரு சீப்பு பழமும் கொண்டுவந்தான். 'என் கவனக்குறைவால் விழுந்தேன்' என்று எழுதிய ஓலையை நீட்டி, "ஒரு கீறல் போடும்மா, போதும்" என்றான்.

"சேலையை நீயே கட்டிக்க," என்றாள் அரியநாச்சி. "அறுந்தது கயிறு. பழியை நான் ஏன் ஏத்துக்கணும்?"

அவன் போனதும், அறுந்த கயிற்றை எடுத்துவரச் சொல்லித் தலைமாட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். விழுந்ததைக் கண்ணால் பார்த்த நான்கு பேரைக் கூப்பிட்டு, கட்டிலைத் தூக்கச் சொன்னாள். காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. அசைந்தால் உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலோடு ராஜசபைக்கே வந்துவிட்டாள்.

"மகாராஜா, நான் பிச்சை கேட்டு வரல. கால் கூடுற வரைக்கும் வைத்தியமும், வீட்டுக்கு நெல்லும் கேட்டு வந்திருக்கேன். உங்க வேலையில விழுந்தவ நான். இந்தா, பார்த்தவங்க நாலு பேரும் நிக்கிறாங்க."

வீரகேசரியார் துள்ளி எழுந்தார். "சாரம் கட்டியது மேஸ்திரி. கயிறு எடுத்தது மேஸ்திரி. இவளை வேலைக்கு அழைத்ததும் மேஸ்திரி. இவள் முகத்தையே நான் இன்றுதான் பார்க்கிறேன் மகாராஜா!"

"மேஸ்திரி எங்கே?"

"ஊரை விட்டே ஓடிவிட்டான். பிடித்ததும் விசாரித்துக்கொள்ளலாம்."

ராஜா தாடியைத் தடவினான். அப்போது மந்திரி அம்பலவாணர் எழுந்தார். இந்த மந்திரி பதவிமேல் வீரகேசரியாருக்கு வெகு நாளாக ஒரு கண். அதனால் என்ன குறுக்குக் கேள்வி வருமோ என்று அவர் நெளிந்தார். மந்திரியோ, "வீரகேசரியார் சொல்வது முற்றிலும் சரி" என்றார். "அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்."

அரியநாச்சிக்கு ஆத்திரம் பொங்கியது. "நீங்களுமா சாமி?"

"பிறந்தநாள் அன்று வாம்மா. அந்தத் தலைமாட்டுக் கயிற்றையும் கொண்டுவா."

"கூப்பிடாட்டாலும் வருவேன்," என்றாள் அவள்.

மூன்று நாள் கழித்துப் பிறந்தநாள். ஊரே புது மண்டபத்தில் கூடியிருந்தது. வீரகேசரியார் தன் பெருமையைப் பதினாறு வரியில் எழுதிக் கல்வெட்டுக்குக் கொடுத்திருந்தார். கல் செதுக்கும் பொறுப்பு மந்திரியுடையது. பட்டுத்திரை விலகியதும் ராஜா உரக்கப் படித்தான்.

"இந்த மண்டபத்துக்கும் வீரகேசரியாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாரம் அவருடையதல்ல. கயிறு அவருடையதல்ல. வேலை செய்தவர்களின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. இதை அவரே சபையில் சொன்னார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வீரகேசரியாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அநியாயம் மகாராஜா! என் கண் படாமல் இங்கே ஒரு கல் ஏறவில்லை! என்னைக் கேட்காமல் ஒரு மூங்கில் நிற்கவில்லை! மேஸ்திரி யார்? நான் சொன்னதைச் செய்தவன்!"

"கயிறுகூட நீங்கள் கொடுத்ததுதானா?" என்று மந்திரி அப்பாவியாகக் கேட்டார்.

"நானேதான்! என் கிடங்கிலிருந்து!"

கூட்டம் வழிவிட்டது. கட்டில் வந்தது. அரியநாச்சி தலைமாட்டிலிருந்த கயிற்றை எடுத்து அவர் காலடியில் போட்டாள்.

"அப்ப இதுவும் உங்களோடதுதான். பத்திரமா வச்சிருந்தேன், எடுத்துக்குங்க."

வீரகேசரியார் குனியவில்லை. ராஜாவே குனிந்து எடுத்தான். லேசாக இழுத்ததும் கயிறு நார் நாராகக் கையோடு வந்தது. "கயிறு உம்முடையது என்றால் அவள் காலுக்கும் நீர்தான் பொறுப்பு, வீரகேசரியாரே!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அரியநாச்சி சிரிக்கவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு மகாராஜா. பத்து நாள்ல முடிக்கணும்னு சொன்னது யாரு?"

சிரிப்பு அப்படியே நின்றது. ராஜா கையிலிருந்த நாரைப் பார்த்தான். பிறகு, "நான்தான்" என்றான்.

அன்றே உத்தரவு போட்டான். அரண்மனை வைத்தியர் தினமும் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அவள் வீட்டுக்கு நெல், பாதி வீரகேசரியார் களஞ்சியத்திலிருந்து, பாதி ராஜாவின் களஞ்சியத்திலிருந்து. கால் பழையபடி ஆகாவிட்டால் ஆயுசுக்கும். இனி வேலையில் யார் விழுந்தாலும் இதே நியாயம்; கல்வெட்டில் பெயர் கேட்கிறவர் மேஸ்திரியைக் கை காட்டக் கூடாது. மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான்.

கால் கூடியது. ஆனாலும் சாய்ந்துதான் நடந்தாள். சாரம் ஏற முடியாத அவளைச் சாரத்துக்கே காவலாக வைத்தான் ராஜா. அவள் கயிற்றை இழுத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது.

அடுத்த வருஷம் ராஜாவுக்குக் கோபுர ஆசை வந்தது. "கல்வெட்டில் யார் பெயர் போடலாம்?" என்று கேட்டான். சபையில் ஒருவரும் முன்வரவில்லை. வீரகேசரியார் மட்டும் மெதுவாக எழுந்து, "முதலில் கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் மகாராஜா" என்று கிளம்பினார்.

ராஜா, சபையில் நின்ற அரியநாச்சி பக்கம் திரும்பினான். "எத்தனை நாள் ஆகும், தாயே?"