உப்புக்காரி சொன்ன பேர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது வள்ளிநாயகி அக்கா. பெரியாஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர். என் மூத்தவன் பிறந்த மூன்றாம் நாள், என்ன பேர் வைக்கப் போறே என்று கேட்டார். மாமனார் பேர்தான், ஆனால் நான் அதைச் சொல்லக்கூடாதே என்றேன். அப்படியானால் இதைக் கேள் என்று ஆரம்பித்துவிட்டார்.

முன்னொரு காலத்திலே, மழை மாதம் தவறாமல் பெய்த காலத்திலே, ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேர், மூத்த பெண்ணுக்கு ஆச்சி பேர். பெரியவர்கள் பேர் வீட்டில் ஓடியாடித் திரியட்டும் என்று அப்படி ஓர் ஆசை. ஆனால் மருமகள் மட்டும் அந்தப் பேரைச் சொல்லக்கூடாது. சொன்னால் பெரியவர் ஆயுசு குறையுமாம். அதனால் பெற்ற தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை ராசா, தங்கம் என்றே கூப்பிட்டார்கள்.

இது ஒரு மாயாவிக்குத் தெரிந்துபோயிற்று. தாத்தா பேர், ஆச்சி பேர் உள்ள பிள்ளைகளாகப் பார்த்துத் தூக்கிப்போய், மைனாவாக்கி ஆளுக்கொரு கூண்டில் அடைத்தான். பெற்றவள் வந்து பிள்ளை பேரை மூன்று தரம் சொன்னால் கூண்டு திறக்கும், மூன்றாம் நாள் பொழுது விழுந்தால் மைனா மைனாதான் என்று சொல்லிச் சிரித்தான்.

அந்த ஊரில் உப்பு விற்கிறவள் செண்பகம். அவள் "உப்போ உப்பு" என்றால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அவளுடைய ஐந்து வயசு மகனும் கூண்டுக்குள்ளே.

முதல் நாள் போய், "ராசா" என்று கூப்பிட்டாள். நூறு மைனாவும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தன. கூண்டு திறக்கவில்லை.

இரண்டாம் நாள், தோகை விரித்து ஆடுமே, அதில் ஏறி வருவாரே சாமி, அவர் பேருதான் என்று ஜாடையாகச் சொன்னாள். "விடுகதை போடவா வந்தே, உப்புக்காரி?" என்றான் மாயாவி. கூண்டு திறக்கவில்லை.

மூன்றாம் நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விளக்கேற்றிக் கும்பிட்டாள். குறைக்கிறதென்றால் என் ஆயுசைக் குறை முருகா, மாமனார் ஆயுசில் கை வைக்காதே என்று வேண்டிக்கொண்டாள். புருஷன் வாசலை மறித்தான். எங்கப்பா பேரைச் சொன்னால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்றான்.

"பேரு வச்சது நீங்க. பெத்தது நான். கூப்பிடாத பேரு எதுக்கு?" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

பொழுது சாய்கிற நேரம். ஊரே திரண்டு நின்றது. கம்பை ஊன்றிக்கொண்டு மாமனாரும் நின்றார். உப்பு விற்கிற அதே குரலில் செண்பகம் கூப்பிட்டாள்.

"மயிலேறும்பெருமாள்."

ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மயிலேறும்பெருமாள்."

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போச்சு, ஆயுசு போச்சு என்று கூட்டம் அலறியது. செண்பகம் கூண்டுக்குள்ளே இருந்த மகனைப் பார்த்தாள். அழுதுகொண்டே மூன்றாம் தரமும் கூப்பிட்டாள்.

"மயிலேறும்பெருமாள்."

கூண்டு திறந்தது. மைனா உருவம் நீங்கிப் பையன் ஓடி வந்து மடியில் விழுந்தான்.

எல்லாரும் கிழவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை. முழங்கால் வலி, உட்கார்ந்தேன். எங்க ஆத்தா போன பிறகு இந்தப் பேரை இம்புட்டு ஆசையா யாரும் கூப்பிட்டதில்லை. இன்னொரு தரம் சொல்லு, தாயி."

அவ்வளவுதான். அத்தனை தாய்மாரும் வாயைத் திறந்தார்கள். சுடலைமுத்து, உலகம்மாள், பிச்சைக்கண்ணு என்று பேர் பேராக வானம் அதிர்ந்தது. கூண்டுகள் வரிசையாகத் திறந்தன. அவர்கள் வாய் மூடிக் கிடந்ததுதான் மாயாவியின் பலம். அது போனதும் அவன் புகையாய்க் கரைந்துபோனான். படி ஏறாதே என்ற புருஷன், உப்புக் கூடையைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குச் சாப்பிடக் கூப்பிடும்போது, உங்கள் பிள்ளையை முழுப் பேரும் சொல்லிக் கூப்பிடுங்கள்.