தீபாவுக்கு நாற்காலி இல்லை

"மேடம், தீபா மறுபடியும் நின்னுக்கிட்டு இருக்கா."

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் சிகாமணி படியேறி உள்ளே வந்தான்.

நசீமா மேடம் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நிக்கட்டும். கால் வலிச்சா அவளே சொல்லுவா."

தீபாவுக்குக் கால் கிடையாது. 'ஆறு பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி, மையத்தைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள்' என்று ஆரம்பிக்கும் கணக்குகளில் அனிதா, பாஸ்கர், சித்ராவுக்குப் பிறகு வருகிறவள் அவள். அவ்வளவுதான் அவளுடைய ஜாதகம்.

முற்காலத்தில் ஞானம் தேடுகிறவன் காட்டுக்குப் போனான். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டயர் கடை மாடியில் நடக்கும் அரசுத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்குப் போகிறான். காட்டில் புலி இருந்தது. இங்கே வயது வரம்பு.

சிகாமணியை அது நெருங்கிவிட்டது. வருகிற தேர்வுதான் கடைசி. அதற்குப் பிறகு அரசாங்கம் அவனைக் கேள்வி கேட்காது.

குருவுக்கோ அவனைவிட வயது குறைவு. அதனால் அவன் அவரை மேடம் என்பான். அவர் அவனை அண்ணே என்பார். மரியாதையில் இருவரும் சமம்.

மற்றவற்றில் அவன் சளைத்தவன் இல்லை. புகைப்படத்தைக் காட்டி, 'இவர் என் தாத்தாவின் ஒரே மகனுடைய மகள்' என்று யாராவது சொன்னால், அடுத்த மூச்சில் உறவைச் சொல்லிவிடுவான். வடக்கே நடந்து, வலப்பக்கம் திரும்பி, மறுபடி திரும்பித் தொலைந்துபோனவர்களை எல்லாம் வீடு சேர்த்துவிடுவான். வட்டம் மட்டும் வராது. எப்படி உட்கார வைத்தாலும் கடைசியில் ஓர் ஆள் நிற்கும், ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைக்க வழி இருக்காது.

"விதி தெரியும்ல?" என்றார் மேடம்.

"தெரியும் மேடம். மையத்தைப் பார்த்து உக்காந்தா, இடது பக்கம் கடிகாரச் சுற்று."

"அப்புறம் என்ன?"

"கை கேக்க மாட்டேங்குது."

மேடம் சிவப்புப் பேனாவை மூடினார்.

"மதியம் எங்கண்ணே சாப்பிடுறீங்க?"

"மெஸ்ல."

"எதிர்ல யாரு?"

"சுவரு."

மேடம் விடைத்தாள்களை ஓரமாக நகர்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க. உங்களோட ஆறு. உக்கார வச்சே பாத்துருவோம்."

"யாரை மேடம்?"

"யாரா இருந்தாலும் சரி. கால் இருக்கணும்."

அந்த மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே மேசை கிடையாது. சுவரோடு சுவராக நீளமாய் ஒரு பலகை அடித்திருக்கும். ஆளுக்கொரு முக்காலி. தட்டுக்கு மேலே, கண்ணுக்கு நேராக, எதிர்ச்சொற்களும் ஒப்புமைகளும் எழுதிய தாள்களை ஒட்டிக்கொண்டு, படித்தபடியே சாப்பிடுவார்கள். தேர்ச்சி பெற்றுப் போகிறவர் தன் தாளைக் கிழிக்காமல் விட்டுப் போக வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அடுத்து வருகிறவருக்கு அது ராசி. சில தாள்கள் மூன்று கை மாறி, சாம்பார் பட்டு, எழுத்து மங்கி, ஆனாலும் கும்பிடப்பட்டு வந்தன.

சிகாமணியின் தாள் மட்டும் அவன் கையெழுத்திலேயே இருந்தது. அதைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.

அன்று மதியம் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது இடது பக்கம் திரும்பினான்.

"தம்பி."

தம்பி காதிலிருந்து இயர்ஃபோனில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினான்.

"ஞாயித்துக்கிழமை ஒரு ஒரு மணி நேரம் வர முடியுமா? சும்மா உக்காந்தா போதும்."

"சும்மாவா?"

"வட்டமா."

"அண்ணே, பரீட்சை முடியட்டும்ணே. ஒரு மணி நேரம்னா இருபது கேள்விண்ணே. நான் அங்க வட்டமா உக்காந்தா இங்க எவன் ராங்க் வாங்குவான்?"

காது மூடிக்கொண்டது.

சிகாமணி வலது பக்கம் திரும்பினான். அங்கே ஒரு பெண், அப்பளத்தைச் சத்தம் வராமல் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு உதவி."

"நீங்க யாரு?"

"நான்தாம்மா. ரொம்ப நாளா இங்கதான், பக்கத்து முக்காலியிலதான்."

அவள் திரும்பி முழுசாகப் பார்த்தாள்.

"ஓ, போன வருசத்து அண்ணனா! முகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன். முழங்கை நல்லாத் தெரியும்."

"போன வருசத்து அண்ணனா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒவ்வொரு வருசமும் நீங்க போன வருசமும் இருந்தீங்கள்ல, அதான். தப்பா எடுத்துக்காதீங்க."

அவன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். என்ன கேட்க வந்தான் என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள். அதை அவன் காதில் வாங்கவில்லை.

அறைக்குப் போய் யோசித்துப் பார்த்தான். இந்த ஊரில் அவனுக்குப் பெயர் தெரிந்தவர்கள் யார் யார்? அனிதா. பாஸ்கர். சித்ரா. தீபா. ஈஸ்வரன். பரீதா.

அன்றைக்கே பையைக் கட்டிவிட்டான். ஊரில் அண்ணனுடைய இரும்புக் கடையில் ஒரு ஸ்டூல் அவனுக்காக வெகுநாளாகக் காத்திருந்தது. வட்டமும் வராது, ஆளும் வராது. பிறகு எதற்குத் தேர்வு? ஞாயிறு மூன்று மணிக்கு ஒரு பஸ் இருந்தது. மேடத்திடம் சொல்லிக்கொண்டு போவதுதான் முறை.

ஞாயிற்றுக்கிழமை பையோடு படியேறினான்.

பெஞ்சுகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, கூடத்தின் நடுவே ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார் மேடம். மேசை இல்லை.

"அஞ்சு பேர் எங்க?"

சிகாமணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கூற்று ஒன்று: இடது பக்கத்து ஆளுக்கு நேரமில்லை. கூற்று இரண்டு: வலது பக்கத்து ஆளுக்கு என்னைத் தெரியாது. முடிவு: யாரும் வர மாட்டார்கள்."

"ரெண்டு பேரைக் கேட்டீங்க."

"மத்தவங்களும் அதேதான் சொல்லுவாங்க மேடம்."

சிகாமணியின் இந்தக் குணம் அவருக்குப் பழக்கம். எல்லாக் கேள்விக்கும் கடைசியில் 'தகவல் போதாது' என்று ஒரு விடை இருக்குமே, அதை அவன் ஒரு தேர்விலும் குறித்ததில்லை. அறிவு தோற்றுப்போனவர்கள் விழுவதற்காகத் தோண்டிய குழி அது என்பது அவன் கட்சி.

"பை எதுக்கு?"

"மூணு மணி பஸ்ல ஊருக்குப் போறேன். பரீட்சை எழுதல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சரி. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. உக்காருங்க."

வாசலுக்கும் ஜன்னலுக்கும் முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தான். வகுப்பிலும் அவன் இடம் அந்தப் பக்கம்தான். கையிலிருந்த பையை எங்கே வைப்பது என்று பார்த்தான். எதிர் வரிசையில் ஒரு நாற்காலி சும்மா கிடந்தது. எழுந்து போய் அதில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மேடம் நின்றுகொண்டே, தாள் எதுவும் இல்லாமல், சொல்லத் தொடங்கினார்.

"நீங்க இருக்கிற நாற்காலி அனிதாவோடது. அனிதாவுக்கு நேர் எதிரே பாஸ்கர்."

சிகாமணி எதிர் நாற்காலியைக் காட்டினான். வகுப்பு நடக்கும்போது மேடம் உட்காரும் நாற்காலி அது.

"பாஸ்கருக்கு இடது பக்கம், அடுத்த நாற்காலி, சித்ரா."

சிகாமணியின் இடது கை தானாகவே எழுந்தது. பாஸ்கருக்குப் பக்கத்தில், தன் இடது கை காட்டிய திசையில், சித்ராவை உட்கார வைத்தான்.

"அனிதாவுக்கு இடது பக்கம் ரெண்டாவது நாற்காலி, தீபா."

ஒன்று, இரண்டு என்று எண்ணினான். அங்கே சித்ரா உட்கார்ந்திருந்தாள்.

காலி நாற்காலிகள்தான் சுற்றிலும். ஆனாலும் அவனுக்கு வியர்த்தது.

"யாரு நிக்கிறா?" என்றார் மேடம்.

"தீபா."

"பாவம்."

"இதான் மேடம் நான் சொன்னது. எனக்கு வராது."

"எந்திரிங்க. பாஸ்கர் நாற்காலியில போய் உக்காருங்க."

"அது உங்க நாற்காலி மேடம்."

"இன்னைக்குப் பாஸ்கரோடது."

தயங்கித் தயங்கிப் போய் நுனியில் உட்கார்ந்தான். அவன் எழுந்து வந்த இடத்தில் மேடம் உட்கார்ந்தார்.

"இப்ப உங்க எதிர்ல யாரு?"

"அனிதா."

"நல்லாப் பாருங்க."

"நீங்க, மேடம்."

"இடது கையை நீட்டுங்க."

நீட்டினான். கை அவனுடைய பை மேலேயே போய் விழுந்தது.

அவன் கையைப் பார்த்தான். பையைப் பார்த்தான்.

"சித்ரா இடத்துல என்ன இருக்கு?" என்றார் மேடம்.

"என் பை."

அதை எடுத்துத் தரையில் வைத்தான். மனசுக்குள் சித்ரா எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தாள். அவள் விட்டுப் போன நாற்காலியில், இத்தனை வருஷமாக நின்றுகொண்டிருந்த தீபா, மெதுவாக உட்கார்ந்தாள்.

ரொம்ப நேரம் அவன் எழுந்திருக்கவில்லை.

அந்த நாற்காலியிலிருந்து கூடம் வேறு மாதிரி இருந்தது. ஓரமாகத் தள்ளிய பெஞ்சுகளை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்தான். வரிசையாகத் தலை குனிந்து எழுதுகிறவர்கள். இங்கிருந்து யாருக்கும் முகம் இல்லை. வகிடுகள், சுழிகள், நடுவில் முடி கொட்டிப்போன தன் உச்சி. அதற்குமேல் எதுவும் தெரியாது.

காலடியில் ஏதோ இடித்தது. கரும்பலகைக்குக் கீழே, மாணவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், சின்னதாக ஒரு டிபன் பாக்ஸ். ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு ஊறுகாய் டப்பா. ஒரு ஸ்பூன்.

நிமிர்ந்தான். மேடத்துக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, ஊருக்கு மேற்கே இருக்கிற சின்ன மலைக் கரடு. மொட்டைப் பாறைக்கு நடுவிலிருந்து ஒரு கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

"மேடம், புகை!"

இதற்கு ஒரு விளக்கம் வேண்டும். தருக்க நூலார் வெகுகாலமாக மலையில் புகையைக் கண்டு, நெருப்பு உண்டென்று ஊகித்து வருகிறார்கள். ஏறிப் போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள், 'மலையில் புகை தெரிகிறது, ஆகவே?' என்று மேடம் கேட்பார். 'நெருப்பு இருக்கிறது' என்று எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். சிகாமணியும் ஒவ்வொரு வருஷமும் உரக்கச் சொன்னவன்தான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா. தினமும் இந்நேரத்துக்கு வரும்."

"அப்ப நெருப்பு இருக்கு."

"அது பரீட்சைக்கு."

"வேற என்ன?"

"யாரோ யாருக்கோ சமைக்கிறாங்க."

கீழே டயர் கடையில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

சிகாமணி குனிந்து டிபன் பாக்ஸை எடுத்தான். கனமாக இருந்தது.

"சாப்பிட்டீங்களா, மேடம்?"

நசீமா மேடம் கையை நீட்டி டிபன் பாக்ஸை வாங்கினார். திறந்தார். எலுமிச்சை சாதம். மூடியில் பாதியைக் கொட்டி, வட்டத்தின் குறுக்கே நீட்டினார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரே ஒரு ஸ்பூன். அதை இருவரும் தொடவில்லை.

"ஊறுகாய் உங்க வலது பக்கம் இருக்கு," என்றார் மேடம்.

சிகாமணி சரியான கையை நீட்டினான்.

சாப்பிட்டு முடித்து மூடியைக் கழுவிக்கொண்டு வந்து வைத்தான். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மேடம் நாற்காலிகளைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னும் நாலு பேர் வேணும்."

"போன வருசத்து அண்ணன் கூப்பிட்டா யாரு மேடம் வருவாங்க?"

"தகவல் போதாது," என்றார் நசீமா மேடம்.

சிகாமணி நின்று யோசித்தான். மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டரை வரை சோறு போடுவார்கள். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

பை சித்ராவின் காலடியிலேயே கிடந்தது. மறந்து விட்டுப்போனானா, வேண்டுமென்றே விட்டுப்போனானா என்று கேட்டால், அதற்கும் விடை அதேதான்.