பிக்ஸ்பியின் போர்க்குதிரை

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும், பதவி உயர்வு வாங்க ஜெனரல் முன்னால் குதிரையில் வந்தார் கர்னல் பிக்ஸ்பி. மரியாதைக்குப் பீரங்கி வெடித்தது. குதிரை மிரண்டு திரும்ப, கர்னல் தொப்பென்று கீழே விழுந்தார்.

"போர் முழுக்க முன்வரிசையில் நின்ற குதிரைங்க! இந்த லாயக்காரன் ஜெத்ரோ கெடுத்துட்டான். தூக்கி ஜெயில்ல போடுங்க!" என்று ஜெனரலிடம் கத்தினார் கர்னல்.

ஜெத்ரோ பதறவில்லை. "ஜெனரல் ஐயா, குதிரையை அவிழ்த்துவிட்டு இன்னொரு குண்டு போடுங்க. பழகின இடத்துக்கு அதுவே போகும்."

டமார்!

குதிரை பறந்துபோய்ச் சமையல் வண்டிக்குப் பின்னால் பதுங்கி நின்றது. மொத்தப் பட்டாளமும் வாயைப் பிளந்தது. ஜெனரலின் சுருட்டே கீழே விழுந்துவிட்டது.

"அடப்பாவி! அங்கே ஏன்டா நிக்குது?"

"எப்பவும் போல கர்னல் ஐயா வந்து வண்டிக்கடியில் படுக்கட்டும்னு காத்திருக்குதுங்க."