நகராத இலைகள்

"தவசியை அனுப்பிடுங்க அம்மா. இல்லைன்னா நான் போறேன்," என்றார் மாசிலாமணி.

மலையடிவாரத்து மடத்தில் கணினி நிரல் சொல்லிக்கொடுப்பவர் பூங்கோதை அம்மா. மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு. லாரி ஓட்டி ஓய்ந்த மாசிலாமணியின் கைக்கு விசைப்பலகையைப் பழக்கியவர் அவர். தவசி மடத்துச் சமையல்காரர்.

"தவசி என்ன செஞ்சார்?"

"நேத்துப் பந்தியில என் மானத்தை வாங்கிட்டான். சர்க்கரை வியாதிக்காரர் சங்கரலிங்கத்துக்குப் பாயசம். பல்லே இல்லாத ஆவுடையம்மாளுக்கு முறுக்கு. வேணும்னே போட்டான்."

சமையலறை வாசலில் தவசி கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "திரையில உள்ளபடி போடு, சொந்த மூளையைக் காட்டாதேன்னு அண்ணாச்சிதானே சொன்னீங்க. அப்படியே போட்டேன். ஆவுடையம்மா முறுக்கை ரசத்துல ஊறவச்சுத் தின்னுட்டாங்க. அவங்களுக்கே வருத்தமில்லை."

மடத்தில் ஆளுக்கொரு பத்தியம். அதற்காக மாசிலாமணி எழுதிய நிரலில் இரண்டு வரிசைகள். ஒன்றில் பெயர்கள், மற்றதில் சாப்பாடு. முதல் பெயருக்கு முதல் சாப்பாடு, இரண்டாம் பெயருக்கு இரண்டாவது. முந்தாநாள்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. பெயர்கள் தாறுமாறாகக் கிடப்பது அவர் கண்ணை உறுத்தியது. அகரவரிசையில் அடுக்கினார். பார்க்க அழகாக இருந்தது.

"நிரல்ல தப்பே இல்லை அம்மா. பெயரெல்லாம் ஒழுங்கா நிக்குது."

குரு திரையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

மதியம் பந்தி நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். குரு வந்து நின்றார்.

"எல்லாரும் எந்திரிச்சு அகரவரிசையில உட்காருங்க. இலையை யாரும் தொடக் கூடாது."

"சாப்பிடற நேரத்துல என்ன பள்ளிக்கூடம்," என்று முனகியபடி சங்கரலிங்கம் எழுந்தார். எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். மாசிலாமணியும் தன் இடம் தேடி அமர்ந்தார்.

"சாப்பிடுங்க," என்றார் குரு.

ஒரு கையும் அசையவில்லை.

"இது யார் எச்சில்?" என்றார் சங்கரலிங்கம்.

மாசிலாமணி குனிந்து பார்த்தார். யாரோ பாதி கடித்து வைத்த வடுமாங்காய். தன் இலை எங்கே என்று தேடினார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் முன்னால் ஆவுடையம்மாள் கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாசிலாமணி நிமிர்ந்து குருவைப் பார்த்தார்.

"பெயரை மட்டும் நகர்த்திட்டேன் அம்மா."

"இனி?"

"பெயரையும் சாப்பாட்டையும் ஒரே கட்டாக் கட்டிட்டு அடுக்கறேன். பெயர் எங்கே போனாலும் சாப்பாடு கூடவே போகும்."

"சரி. அவங்கவங்க இலைக்குப் போங்க," என்றார் குரு. சங்கரலிங்கம்தான் முதலில் ஓடினார்.

கைகழுவும் இடத்தில் குரு கேட்டார். "தவசி போகணுமா?"

"நேத்து நடந்தது என் தப்பு. அதை விட்டுடலாம். மத்ததெல்லாம் இருக்கே."

"சொல்லுங்க."

மாசிலாமணி யோசிக்கவே இல்லை. "நான் வந்த புதுசுல அடிப்பிடிச்ச சோத்தைப் போட்டான். அதுதான் எல்லாத்திலயும் பெரிசு. அடுத்து, கொட்டற மழையில நான் கதவைத் தட்டத் தட்டத் திறக்காமப் படுத்திருந்தான். அப்புறம், என் காபியில மட்டும் சர்க்கரையைக் குறைச்சான். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமச் சொல்லுவேன்."

"நல்லாத்தான் அடுக்கியிருக்கீங்க. அடிப்பிடிச்ச சோறு போட்ட அன்னிக்கு, அதுக்கு முன்னால நீங்க அவரை என்ன சொன்னீங்க?"

மாசிலாமணி குழாயை மூடினார்.

"ஞாபகம் இல்லை அம்மா."

"கதவைத் திறக்காத அன்னிக்கு?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இன்னும் இறுக்கி மூடினார்.

"அவர் செஞ்சதையெல்லாம் அடுக்கினப்போ, நீங்க சொன்னதை இருந்த இடத்துலயே விட்டுட்டீங்க," என்றார் குரு. "போய் அதையும் எடுத்துட்டு வாங்க ஐயா. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, தவசியை அனுப்பலாமான்னு நீங்களே சொல்லுங்க."

உள்ளே தவசி பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. மாசிலாமணி குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.